வாசிக்காமல் கைநாட்டு வைக்காதவர்

செல்லத்தாய் மதினி இறந்துபோன செய்தி கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வைத்து எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெண்களை வேலைக்கு இறக்கிவிட்டு வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து, "ஒங்க ஊர்ல இருந்து போன் வந்துச்சு அண்ணாச்சி. செல்லத்தாயக்கா போயிட்டாவளாம். நெஞ்சுவலின்னு ரெண்டு நாளா லீவுலதான இருந்தாவ" என்றார். இறங்கிய பெண்கள் திரும்ப வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் வண்டி முழுக்கத் தேடினேன்.

இன்றைக்கு நான்காம் நாள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும் என்று என் மகள்தான் நோட்டையும் பேனாவையும் கொடுத்தாள். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி என்னுடைய பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் இளம்வயதிலேயே போய்விட்டார், பிள்ளை கிடையாது. பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து ஆபீசுக்கு வருடக்கணக்காக என் வேனில்தான் வந்துபோனார். என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, "கொழுந்தனாரே, குழியத் தேடித் தேடி விடுதீரே, ஏதும் நேர்ச்சையா?" என்பார். படிப்பில்லை. கைநாட்டுதான்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆழ்குழாய் போட்டார், தெருவிளக்கு கொண்டுவந்தார். முதல் தடவை போட்டியில்தான் ஜெயித்தார். அடுத்த தேர்தலில், "போட்டின்னா பகை வரும், அன்னபோஸ்டாவே இருக்கட்டும்" என்றார்கள். எதிர்த்து யாரும் நிற்பதில்லை என்று கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். முதல் ஆளாகப் பாய்ந்து அணைத்து, உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டவன் நான். ஒற்றுமையான ஊர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம்.

அதன்பிறகு கிராமசபைக் கூட்டம் நின்றுபோனது. தீர்மான நோட்டு வீடுவீடாக வரும், கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் தெருவுக்கு நோட்டைச் சுமந்தது நான்தான். காலையில் வேனில் ஏறுகிற பெண்களிடம் நீட்டுவேன். தலைவர் என் தோளில் கைபோட்டுப் பேசுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஊரில் ஆடுகள் களவு போயின. கிழக்கேயிருந்து வந்து, கண்மாய்க்கரையில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஆறு குடும்பங்களைத் தலைவர் கைகாட்டினார். யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லோரும் நம்பினோம். அந்த வாரமே நோட்டு வந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மதினி.

"வழக்கம்போலத்தான்."

"வழக்கம்போலன்னா?"

"ஊரு நன்மைக்குத்தான் மதினி. வையுங்க, நேரமாவுது."

"வாசிச்சுச் சொல்லும், வைக்கேன். இத்தன நாளும் கேக்காம வச்சது என் தப்பு."

அதுவரை நானும் அந்த நோட்டை வாசித்ததில்லை. திக்கித் திக்கி வாசித்தேன். கரிமூட்டக்காரர்களுக்கு ஊர்க்குழாயில் தண்ணீர் கிடையாது. வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை எடுக்க மனுக் கொடுப்பது. இதை எதிர்ப்பவர்களுக்கும் அதே கட்டுப்பாடு.

"இதுல நம்ம பேரு இல்லலா மதினி" என்றேன்.

"இன்னைக்கு இல்ல. அந்தக் கடைசி வரில நமக்கும் எடம் போட்டுத்தான வச்சிருக்காவ?" என்றவர் பின்னால் திரும்பி, "ஏட்டி, யாராவது வைக்கியளா?" என்று கேட்டார். ஒரு கையும் நீளவில்லை.

வெறும் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது தலைவர், "ஒரு பொம்பளைய ஒம்மால படிய வைக்க முடியலயாவே?" என்றார். அன்றைக்குத் தோளில் கை இல்லை.

அடுத்த தேர்தலிலும் அன்னபோஸ்ட் என்று பேச்சு வந்தபோது, தானே நிற்பதாக மதினி சொன்னார். சூடத்துச் சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன்.

"அன்னைக்கு நான் ஆபீஸ்லலா இருந்தேன். சத்தியம் பண்ணுனது நீரு. அதனால நீரு நிக்காதேரும், நான் நிக்கேன். முன்மொழிஞ்சு கையெழுத்து மட்டும் போடும்."

வயிற்றுவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். என் மனைவி கஷாயத்தோடு வந்தாள். பின்னாலேயே மதினி மனுவோடு வந்தார். "வயித்துவலிக்காரன் கையெழுத்தும் செல்லும்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லிட்டாவ" என்றார். போட்டேன். என் பெயர் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தோற்றார். முடிவு தெரிந்த அன்றே தலைவர் வீட்டுக்கு நடந்தார். நான் நாலு எட்டுத் தள்ளியே நின்றேன். "ஜெயிச்சிட்டிய, சந்தோசம் அண்ணாச்சி. ஆனா வேண்டாம்னு சொல்லவும் ஆள் இருக்கோம்னு இப்ப தெரிஞ்சுபோச்சுலா. இனி கூட்டம் போட்டுப் பேசுங்க" என்றார். கூட்டம் மறுபடி கூடியது. மதினி ஒன்று தவறாமல் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசிக்கச் சொன்னார். ஆறு குடும்பத்துக்கும் தண்ணீர் நிற்கவில்லை.

அடக்கத்தன்று அந்தக் கரிமூட்டக் குடும்பத்துப் பெண்கள் குடங்களோடு ஊர்க்குழாய்க்கு வந்தார்கள். உடலைக் குளிப்பாட்டச் சொந்தக்காரர்கள் நீர்மாலை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளையில்லாத மதினிக்குத் தாங்கள் எடுக்கிறோம் என்றார்கள். தலைவரின் ஆட்கள் இரண்டு பேர் குழாயை மறித்து, "வந்தவிய எடுக்கப்படாது. மொறைன்னு ஒண்ணு இருக்குலா" என்றார்கள். தலைவர் கையில் மாலையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து ஊரும் ஒதுங்கி நின்றது.

"மொறைக்காரன் நான் சொல்லுதேன். அவிய எடுக்கட்டும்" என்றேன். ஆட்டுக்குட்டி கத்தியதுபோலத்தான் குரல் வந்தது. இருவருக்கும் இடையில் கையை விட்டுக் குழாயைத் திறந்தேன். வேனில் வருகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். மறித்தவர்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு விலகினார்கள்.

குடங்கள் நிறைந்து தெருவேறிப் போன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர்தான் குனிந்து அதை மூடினார்.

மதினி, அவர் கை இன்னும் குழாய்மேல்தான் இருக்கிறது. அடுத்த தேர்தல் பேச்சு டீக்கடையில் தொடங்கிவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் உறங்குங்கள். நாங்கள் முழித்திருக்கிறோம்.