கல்லிடம் உண்மை கேட்ட நாக்கு

எங்கள் எண்ணெய்க் கிணற்று முகாமில் அவருக்கு நாக்குக்காரர் என்றுதான் பெயர். பூமிக்கடியிலிருந்து உருளை உருளையாக வரும் சுண்ணாம்புப் பாறையில் ஒரு சில்லை உலர்த்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் உள்ளே நுண்துளைகள் உண்டு, ஒட்டாவிட்டால் வெறுங்கல். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

"கல்ல நக்குற நாக்குக்கு என் சமையல்ல உப்பு கம்மியாம்!" என்பார் அவர் மனைவி.

எண்ணெய் பிறந்த இடத்தில் தங்காது. வெடிப்பு வெடிப்பாகப் புகுந்து மேலே ஏறும். களிமண் பாறை மூடிபோல் தடுத்தால்தான் சுண்ணாம்பின் துளைகளில் குடியிருக்கும். அங்கேயும் மேல்கீழ் உண்டு: லேசான கேஸ் உச்சியில், எண்ணெய் நடுவில், தண்ணீர் அடியில்.

அது கடைசிக் கிணறு. அதுவும் பொய்த்தால் முகாமுக்கே பூட்டு. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் நாக்குக்காரரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்த பாறையை மேனேஜர் ஊதா விளக்கில் காட்டினார். மஞ்சளாக மின்னியது. எண்ணெய் இருந்தால் அப்படித்தான் மின்னும். உடனே தலைமை அலுவலகத்துக்கு ஃபோன், ஆளுக்கொரு துண்டு கேக்.

நாக்குக்காரர் கேக்கை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். உடைத்தால், மினுக்கமெல்லாம் மேல்தோலோடு சரி.

"சார், இது குழாய்ல பூசுற கிரீஸ். அதுவும் இந்த வெளக்குல மின்னும்."

"நாக்கு ஒட்டுச்சா இல்லையா?"

"நல்லாவே ஒட்டுச்சு. வீடு நல்ல வீடுதான் சார், கூரைதான் வெடிச்சிருக்கு. குடியிருந்த எண்ணெய் எப்பவோ மேல ஏறிப் போயிருச்சு. தார்க்கறை மட்டும் காஞ்சு கெடக்கு பாருங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இத ஏங்க உடைச்சீங்க? பேசாம இருந்தா இன்னொரு கிணறு தோண்டுவாங்க. உங்க ரிடயர்மென்ட் வரைக்கும் ஓடுமில்ல?"

நாக்குக்காரருக்குப் பயம் இல்லாமலில்லை. உண்மையை விழுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் அந்த நாக்குக்குப் பொய் பழக்கமில்லை. 'எண்ணெய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முகாம் மூடியது. வேலை போனவர்கள் பட்டியலில் முதல் ஆள் அவர். கிரீஸைத் தக்க சமயத்தில் கண்டுபிடித்த கூர்மைக்காக மேனேஜருக்குப் பதவி உயர்வு. தலைமை அலுவலகத்தில் பத்தாவது மாடி அறை.

மனைவிக்கு ஆறவில்லை. "கண்டுபிடிச்சது நீங்க, மேல போனது அவரா?"

"கேஸ் எப்பவும் உச்சிலதான் போய் உக்காரும்."

மனைவி சிரிக்கவில்லை. தட்டில் குழம்பை ஊற்றினார். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

உப்பே போடவில்லை. நாக்குக்காரர் ஒரு வாய் சாப்பிட்டு, "சரியா இருக்கு" என்றார்.