அவள் கால்மேல் போட்ட பழி

பட்டறையில் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு நெட்டை. ஆனால் கார் வயரிங்கில் கில்லாடி. எவனெவனோ கைவிட்ட வண்டியெல்லாம் இவனிடம்தான் வரும். அப்பேர்ப்பட்டவன் கோட்டை விட்டது பெண்டாட்டி ஓட்டுகிற வாடகைக் காரில்.

அவள் குள்ளம். ஸ்டியரிங்கை ஒட்டி சீட்டை இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். மேட்டில் ஏறும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்கிறது, பின்னால் வருகிறவன் இடித்தால் என் கதி என்ன என்று புலம்பினாள். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார் உண்டு. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று இரண்டும் தனித்தனியே எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது எதையும் நம்பாமல் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கேனர் காட்டியது அந்தக் கோளாறைத்தான். புதுப் பெடலை மாட்டிக் கொடுத்தான்.

எங்கே சரியானது? மறுபடியும் அதே பாட்டு. அவனே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான், வயரை ஆட்டிப் பார்த்தான், மேடு மேடாக ஏறி இறங்கினான். வண்டி ஜம்மென்று போனது. அப்புறம் வாய் சும்மா இருக்குமா?

"எல்லாம் பாத்தாச்சு. மிச்சம் இருக்கிறது உன் கால்தான்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவன் அம்மாவும் தன் பங்குக்கு, பயந்தவளுக்கு எதற்கு ஸ்டியரிங் என்றாள். பாவம், கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலது காலைக் கிள்ளிப் பார்ப்பாள். மரத்துப் போகிறதோ என்று டாக்டரிடம் போனாள். காலுக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதையும் நம்பவில்லை. ஒருநாள் கைக்குழந்தையோடு ஒருத்தி பின்சீட்டில் இருக்கும்போது மேட்டில் வண்டி படுத்துவிட, பின்னால் வந்த லாரி மயிரிழையில் நின்றது. வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தாள். எத்தனை சண்டை போட்டுக் கற்ற தொழில்! காரைக் கொடுத்த டாக்ஸி கம்பெனியில் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

காரைத் திருப்பிக் கொடுக்க அவன்தான் கிளம்பினான். போகிற வழியில் இறக்கலாம் என்று ஒரு பழைய கியர்பாக்ஸை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தான். வழக்கம்போல் சீட்டைப் பின்னால் தள்ளினான்; கியர்பாக்ஸ் இடித்தது, நகரவில்லை. முனகிக்கொண்டே மடங்கி உட்கார்ந்து ஓட்டினான். மேட்டில் மிதித்தபோது முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் பலகையில் முட்டியது. வண்டி இழுவை செத்து ஊர்ந்தது. பின்னால் பஸ் அலறியது. 

ஓரம் கட்டிப் பலகையைக் கழற்றினான். பெடலுக்குப் போகிற வயர் ஒரு இரும்புத் தகட்டில் உரசித் தோலுரிந்து கிடந்தது. ஒட்டி உட்காருகிற அவள் முழங்கால் பலகையில் பட்டால் வயர் தகட்டில் அழுந்தும், சென்சார் கணக்கு குழம்பும். இந்தப் புத்திசாலி எந்த வண்டியில் ஏறினாலும் முதல் வேலையாக சீட்டைத் தள்ளுவான்; அவன் கால் அங்கே எப்படிப் படும்? ஒரு தடவையாவது அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானா, மடையன்!

வயரைச் சரிசெய்து, கம்பெனிக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப என் கால் இல்லையா?"

"இல்லம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று நின்றான். அவள் திட்டவில்லை. சாவியை வாங்கி, காரில் ஏறி எஞ்சினைப் போட்டாள். பெடல்மேல் வைத்த வலது கால் வெடவெடவென்று நடுங்கியது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்தாள். நிற்கவில்லை.

"இதையும் கொஞ்சம் பாருங்க," என்றாள்.