இத்தாலிக்காரரிடம் கற்ற பழி

எனக்குப் பழிவாங்கக் கற்றுத் தந்தவர் ஓர் இத்தாலிக்காரர். அவரை நான் பார்த்ததில்லை. சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கிடந்த எங்களுக்கு இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

எழுபத்தெட்டில், வேலை முடிந்ததும் யூனியன் ஆபீசில் பேப்பர் படித்துச் சொல்வது என் பொறுப்பு. மதிய பஸ்ஸில் வரும் மலையாளப் பேப்பரைக் கண்ணால் மலையாளத்திலும் வாயால் தமிழிலும் படிப்பேன். பெஞ்சில் முதல் ஆளாக யூனியன் செக்ரட்டரி. பக்கத்தில் என் அண்ணன். செக்ரட்டரி நில் என்றால் கொட்டுகிற மழையிலும் நிற்கிற ஆள் அண்ணன்.

அந்த வருஷம் நாள்தோறும் பேப்பரில் வந்த அந்த இத்தாலிக்காரர் சட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். யுத்தம் முடிந்து நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதியவர்களில் ஒருவர். பல தடவை பிரதமர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கீரியும் பாம்புமாக இருந்த தன் கட்சியையும் கம்யூனிஸ்டுகளையும் நயமாகப் பேசியே ஒரே பக்கம் நிற்க வைக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் ஆயுதக் கும்பல் ஒன்று நடுரோட்டில் காவலர்களைச் சுட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அடைத்துவைத்த இடத்திலிருந்து கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், பேசி என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று. பேசமாட்டோம் என்றது கட்சி.

"சரியான முடிவு. ஒத்த ஆளுக்காகக் கட்சி இறங்கிப் போகலாமா?" என்றார் செக்ரட்டரி. அண்ணனும் தலையாட்டினார்.

கடைசியில் அவரைக் கொன்று ஒரு காரின் டிக்கியில் போட்டுவிட்டுப் போனார்கள். கட்சிக்காரன் எவனும் என் அடக்கத்துக்கு வரக்கூடாது என்று அவரே எழுதியிருந்தாராம். குடும்பத்தார் அப்படியே செய்தார்கள். தலைவர்கள் உடல் இல்லாமலே பெரிய சர்ச்சில் இரங்கல் பூசை நடத்தினார்கள். அதைப் படித்தபோது பெஞ்சில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு தகராறு. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கங்காணி விரட்டிவிட்டான். செக்ரட்டரி சொல்படி எல்லாரும் மேனேஜரைச் சூழ்ந்து நின்றோம். கம்பெனி தோட்டத்தைப் பூட்டியது. திறக்க ஒரே நிபந்தனை: முன்னால் நின்ற என் அண்ணனுக்கு இனி வேலை கிடையாது. செக்ரட்டரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆபீசுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லித்தான அவுக முன்னால நின்னாக?"

"ஒத்த ஆளுக்காக இத்தன குடும்பத்தப் பட்டினி போடச் சொல்லுதியாலே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

வேலை போனால், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லயத்து வீடும் போகும். அண்ணனும் அண்ணியும் சட்டிபானையோடு என் ஒற்றை அறைக்கு வந்தார்கள். அண்ணன் ஏலக்காட்டுக்குக் கூலியாகப் போய், நனைந்து நனைந்து நெஞ்சுச் சளி முற்றி, மறுவருஷம் படுத்த படுக்கையானார். செக்ரட்டரி ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வரட்டும், ஒருநாள் வந்துதானே ஆகவேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் யூனியன்காரன் செத்தால், செக்ரட்டரி வந்து உடல்மேல் கொடி போர்த்தி நாலு வார்த்தை பேசிய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அண்ணன் இறந்த அன்று கொடியும் மாலையுமாக, பின்னால் ஒரு கூட்டத்தோடு அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"ஒத்த ஆளுக்காகப் பேசமாட்டேன்னீக. ஒத்த ஆளுக்காக அழவும் வேணாம். திரும்பிப் போங்க அண்ணாச்சி."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. மடித்த கொடியை நெஞ்சோடு பிடித்தபடி அவர் படியிறங்கிப் போனார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. சாயங்காலம் ஆபீசில் அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டு இரங்கல் கூட்டம் நடத்தினார்களாம். நடத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணியிடம் இன்றுவரை ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடைசி நாட்களில், அண்ணி தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து, அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "செக்ரட்டரி கொடி கொண்டாருவாராலே?"

கொண்டுவருவார் என்று தலையைத் தடவிச் சொன்னவன் நான்தான்.