ஓடாத ஓட்டத்துச் சட்டை

"ஓடாத ஓட்டத்துக்கு எதுக்குடி சட்டை?"

பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்பவள் கேட்டாள். மெல்லக் கேட்டிருக்கலாம். விளையாட்டு வகுப்புக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் பனியன் சட்டை, நெஞ்சில் நீல எழுத்து. அவளும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தாள். ஆனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு நாமக்கல்லில் பத்துக் கிலோமீட்டர் ஓடியிருந்தாள். பதினோராவதாக வந்திருந்தாள். வந்ததும் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டு, தோள்பட்டை ஈரம் காயுமுன்பே எடுத்துப் போட்டு வந்திருந்தாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அவள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கள் ஊரில் சாமை மாவு இடித்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணத்துக்கே போகாம தாம்பூலப் பை வாங்கியாந்த கதையால்ல இருக்குது" என்றாள் பின்னால் நின்றவள்.

"எம் பேருக்கு வந்த சட்டை. நானுந்தான் பேரு குடுத்தேன்" என்றேன்.

"பேரு ஓடுச்சா, நீ ஓடுனியா?"

நான் வரிசையில் முன்னே நகர்ந்தேன். சட்டையைக் கழற்றவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. விளையாட்டு ஆசிரியர் மலையிலிருந்து ஓட இரண்டே பெண்களைத் தேர்ந்தெடுத்தார். ஒருத்தி என் பக்கத்தில் உட்காரும் அவள், இன்னொருத்தி நான். ஓடாததற்குக் காரணம் நான் அல்ல, காப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை.

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் ஊர் வாழவந்தி நாட்டில். மாசி மாதம் அம்மனுக்குத் திருவிழா. பூசாரி காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள், திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் பள்ளிக்கூடம் போகலாம், செம்மேட்டுச் சந்தைக்குப் போகலாம், பொழுது சாயும்போது எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியே வேலை இருப்பவர்கள் காப்பு மேளம் அடிக்கும் முன்பே மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள். அதில் குற்றம் இல்லை. ஓட்டமோ ஞாயிறு விடியற்காலை. எழுபது வளைவு இறங்கி நாமக்கல் போய்ச் சேர, சனிக்கிழமை இரவே அங்கே தங்கியாக வேண்டும்.

அவளும் நானும் எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தோம். காப்பு புதன்கிழமை சாயந்திரம். புதன் காலையில் துணிமணியோடு பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து ஆலத்தூர் நாட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய்விடுவது. சனிக்கிழமைவரை அங்கே தங்கி, பிறகு ஆசிரியரோடு இறங்குவது. அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆசிரியர் கீழேயிருந்து சட்டைகளை வாங்கி வந்தார். ஓட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களாம். கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். அதற்கு முன் பெட்டி மடிப்புக் கலையாத புதுச் சட்டை எனக்கென்று எதுவும் வந்ததில்லை.

"இன்னிக்கே எங்கூட்டுக்கு வந்துரு. துணி நான் தாறேன்" என்றாள் அவள். "திருவிழாச் சோலி. முன்னப் பின்ன ஆயிரும்."

"நாளைக்கு வாரேன்" என்றேன். "அம்மாகிட்டச் சட்டையக் காட்டிட்டு வாரேன்."

வீட்டுக்குப் போனதும் பாவாடைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்குது கண்ணு?"

"பங்கேற்பாளர்னு."

"அப்படின்னா?"

"இந்தச் சட்டையப் போட்டவங்க ஓட்டத்துல ஓடறவங்கன்னு அர்த்தம்."

அம்மா அதை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேளம் கேட்டது. ஊரில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறைந்திருந்தது. புதன்கிழமைக்குள் பிரசவமாகித் தீட்டு வந்துவிட்டால் திருவிழாவே தள்ளிப்போகும் என்று பெரியவர்கள் பேசி, ஒருநாள் முந்தியே காப்புக் கட்டிவிட்டார்கள். அந்தக் குழந்தை திருவிழாவெல்லாம் முடிந்து, பந்தலைப் பிரித்த பிறகு சாவகாசமாகப் பிறந்தது. இப்போதும் அதைப் பார்த்தால் எனக்கு ஒரு கோபம் வரும். அதுவும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

சனிக்கிழமை காலையில் அப்பா சொன்னார்: "போறதுன்னாப் போ சாமி. கையப் புடிச்சு யாரும் இழுக்க மாட்டாங்க."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். முந்தின வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் காப்புக்குள் கீழே லாரி ஆபீஸில் தங்கிவிட்டான். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் இரண்டு மாடு செத்தது. மாடு செத்தது நோயால் என்று மாட்டு டாக்டரே சொன்னார். ஆனால் அவனுடைய அம்மா குழாயடிக்கு வந்தால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் படித்தவள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் குழாயடியில் குடத்தோடு நிற்கப்போவது நானில்லை, அம்மா. நான் போகவில்லை.

அன்றைக்கு ஓட்டம் தொடங்கும் நேரத்தில் எங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே தனியாக ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஓடவில்லை. மாவு இடித்தேன். கை வலித்தது.

திங்கட்கிழமை அவள் அப்படிக் கேட்ட பிறகும் வீம்புக்காக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். கேலியால் அது என் உடம்பைவிட்டு இறங்கவில்லை. இறங்கியது வேறொன்றால். இரண்டு வாரம் கழித்து செம்மேட்டில் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கண்டக்டர் என் சட்டையின் எழுத்தைப் படித்தார்.

"அட, நம்ம மலைப் புள்ள நாமக்கல்லுல போய் ஓடிருக்குதப்பா! ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க. ஓடுன காலு, உக்காரட்டும்."

மிளகு மூட்டையோடு இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "உக்காரு சாமி" என்றார். நான் உட்கார்ந்தேன். ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளைவுக்கு வளைவு அவர் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கும்போதும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் துவைத்து, மடித்து, தகரப் பெட்டியின் அடியில் புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன். இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கோடை விடுமுறையில் அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பழைய புத்தகம் யாரிடமாவது வாங்கித் தரச் சொல்லியிருந்தாள். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் பழையபடி பேசிக்கொள்ளவும் இல்லை. அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோகும் நேரம். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இருவரும் மரவள்ளிக் காட்டுக்கு இறங்கினோம். பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. களை கொத்தும் பெண்களுக்கு நடுவே ஒரு மஞ்சள்.

காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வெயிலுக்கும் சுணைக்கும் சேலைக்கு மேலே ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா என் பெட்டியைத் திறந்து அதை எடுத்திருந்தாள்.

நாங்கள் வரப்பில் நின்றபோது பக்கத்து வரிசைக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏனுங்க, இன்னிக்கும் பந்தயத்துக்குக் கிளம்பியாச்சாட்ட இருக்குது?"

"ஆமா. வா, யாரு வரிசை முந்துதுன்னு பாப்பம்" என்றாள் அம்மா, கொத்துவதை நிறுத்தாமல்.

"அம்மா, அதக் கழட்டு" என்றேன்.

"ஏஞ் சாமி? மண்ணு பட்டாத் தொவச்சிக்கலாம்."

"கழட்டுன்னாக் கழட்டும்மா."

நான் பயந்தபடியே என்னோடு வந்தவள் வாயைத் திறந்தாள். "ஏனுங்க அத்தை, அது என்ன சட்டைன்னு தெரியுங்களா?"

"தெரியாம என்ன கண்ணு. எழுத்துத்தான் தெரியாது. இவள ஓடறதுக்குன்னு கூப்புட்டுக் குடுத்த சட்டை. என்னாலதான் ஓட முடியாமப் போச்சு."

"உங்களாலயா?"

அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "காப்பு முந்தறாங்கன்னு அன்னிக்கு மத்தியானமே காட்டுல பேசிக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளுகிட்டச் சொல்லி உட்டிருந்தா இவ நேரா உங்கூட்டுக்கு வந்திருப்பா. வெறும் பேச்சுத்தானேன்னு இருந்துட்டேன். இவ என்னடான்னா சட்டையப் பெட்டிக்கு அடியில வெச்சிட்டா. அங்கிருந்தா எம்புள்ளயக் கூப்புட்டாங்கன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? அதான் நான் போட்டுக்கிட்டேன்."

மூன்று மாதமாக அம்மா அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"உன்னால இல்லம்மா" என்றேன். "இவ அன்னிக்கே அவுங்க ஊட்டுக்குக் கூப்புட்டா. நாந்தான் சட்டைய உனக்குக் காட்டிட்டுப் போறேன்னு வந்தேன். காட்டாமப் போயிருந்தா ஓடியிருப்பேன்."

இதை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். அவளும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "காட்டத்தான வந்தே? காட்டாம எப்படிப் போவே? போயிருந்தாலும் உனக்குக் காலு ஓடியிருக்காது."

பக்கத்து வரிசைக்காரி சிரித்தாள். என்னோடு வந்தவள் சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினாள். பிறகு சொன்னாள்: "எஞ் சட்டைய எங்கண்ணன் போட்டுக்கிட்டுத் திரியறான் அத்தை. அவன் போற பஸ்சுக்குக்கூட ஓட மாட்டான்."

"யாராச்சும் கேட்டா என்ன சொல்றான்?"

"தங்கச்சி ஓடுனதுன்னு சொல்றான்."

"அப்புறம் என்ன?" என்றாள் அம்மா.

"உங்ககிட்டக் கேட்டா நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

"இருக்கறதச் சொல்லுவேன். எம்புள்ளைய ஓடக் கூப்புட்டாங்க, காப்பு வந்துருச்சு, ஓடலீங்கன்னு. கேக்கறவுங்க எல்லாம், அடுத்த காப்புக்கு நாலு நாளு முந்தியே புள்ளயத் தொரத்தி உட்ருன்னு சொல்றாங்க."

எழுத்துத் தெரியாத அம்மா, கேட்டவர்களிடமெல்லாம் அந்தச் சட்டையைச் சரியாகப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எழுத்துத் தெரிந்த நான் ஒரு பெரியவரை நிற்கவைத்து உட்கார்ந்து வந்தேன். அன்றைக்குச் சாயந்திரம் நாங்கள் மூவரும் ஒரு பலாப்பழத்தை அறுத்துத் தின்றோம். அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "மரவள்ளிப் பால் கறை போகாது. சுடு தண்ணியில போட்றாத, மஞ்சள் வெளுத்துரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். விடுதியில் ஓடுகிற பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். காய்ச்சலில் போகமுடியாத ஓட்டத்தின் சட்டை, பரீட்சையால் விட்டுப்போன ஓட்டத்தின் சட்டை என்று ஆளுக்கொன்று இருக்கிறது. போடலாமா கூடாதா என்று சண்டை வரும். ஓடினவளுக்கு அது உறுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. கறுத்த நகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். யாரும் சும்மா பேர் கொடுப்பதில்லை. எத்தனையோ விடியற்காலை எழுந்து ஓடிப் பழகின பிறகுதான் அந்தச் சட்டை கைக்கு வருகிறது. கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்ல வேண்டும். யாராவது இடம் கொடுத்து எழுந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும்.

இந்த வருடம் அதே ஓட்டம் மறுபடி மாசியில் வருகிறது. வரும் ஞாயிறு. எங்கள் ஊரில் காப்பு நாளைக்கு. இந்தத் தடவையும் சட்டையை முன்பே கொடுத்துவிட்டார்கள். பச்சை நிறம். பெரிய அளவாகக் கேட்டு வாங்கினேன். கொடுத்தவர், "உங்களுக்குத் தொளதொளன்னு இருக்குமுங்க" என்றார். பரவாயில்லை என்றேன்.

நான் ஊருக்குப் போகவில்லை. நேற்றுக் காலை மலைக்குப் போகும் பஸ்ஸில், பச்சைச் சட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டேன். இந்நேரம் அம்மா அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போயிருப்பாள். ஓடியாச்சா என்று கேட்பவர்களிடம் ஞாயித்துக்கெழம என்று சொல்லியிருப்பாள்.

என்னுடைய எண் அட்டையை, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மஞ்சள் சட்டையில் நான்கு மூலையிலும் ஊக்குப் போட்டுக் குத்திவிட்டேன். மரவள்ளிப் பால் கறை எழுத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது. அட்டை அதை மறைக்காதபடி கொஞ்சம் இறக்கித்தான் குத்தியிருக்கிறேன்.