மச்சாண்டாரின் பேனரும் என் நாலு வரியும்

மண்ணரையில் என் மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன், நடத்திய பனியன் கம்பெனி வாசலில் எந்நேரமும் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு நிற்கும். ஆயுத பூஜைக்கு ஒன்று, பையனுக்கு மொட்டை அடித்ததற்கு ஒன்று, புது மெஷின் இறங்கினால் அதற்கு ஒன்று. எல்லாவற்றிலும் அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். மறுமுனையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்தும் அதில் மாற்றமில்லை.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் மெயிலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, புகார் வந்தால் சமாளிப்பது எல்லாம் என் வேலை. கல்யாணமானதும் கணவர் வீட்டார் வேலையை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் அண்ணனின் கம்பெனியிலேயே இருந்ததால், மதிய நேரத்தில் அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. பிராட்பேண்ட் வந்த புதிது. அந்த மதியங்களில்தான் என் இணையதளத்தை உருவாக்கினேன்.

டி-சர்ட் வாங்குகிறவனுக்குத் தெரியாத விஷயங்களை அதில் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு முறை துவைத்ததும் கழுத்து ஏன் தொளதொளக்கிறது, பக்கத் தையல் ஏன் முன்பக்கம் திரும்பிக்கொள்கிறது, எந்தத் துணி சுருங்கும், எது சுருங்காது. எல்லாம் பையர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுகளில் கற்றவை. கட்டுரைக்கு நடுவே ஒரு வெளிநாட்டுக் கடைக்கு லிங்க் இருக்கும். படிக்கிறவர் அதை அமுக்கி அங்கே போய்ச் சட்டை வாங்கினால், கடை எனக்குச் சிறு கமிஷன் தரும். முதல் சட்டை விற்ற அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

சொல்லாமலிருந்தும் மச்சாண்டாருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்று நினைக்கும் குடும்பம் அது. நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும், பக்கத்து மேசையிலிருந்த என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு. எழுத்த எவன் படிக்கப் போறான்? மேல பெருசா ஒரு படம் வெக்கோணும். கண்ணுல பட்டாப் போதும், தானா வாங்குவான்."

இரண்டடி தூரத்திலிருந்த என் கணவர் என் பக்கம் திரும்பி, அண்ணன் படம் வைக்கச் சொல்கிறார் என்றார். எனக்குக் காது கேட்கும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

படம் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள், விளம்பரம் என்று தெரிந்ததும் ஒதுக்கிவிட்டுப் போவார்கள், படித்து நம்பிக்கை வந்த இடத்தில் லிங்க் இருந்தால்தான் அமுக்குவார்கள் என்று நானும் கணவரைப் பார்த்தே பதில் சொன்னேன். வாக்குவாதம் கணவரின் தலைக்கு மேலாக ஒரு வாரம் நடந்தது. கடைசியில் மச்சாண்டார் ஒரு தீர்ப்புச் சொன்னார். பாதிப் பக்கங்களில் பேனர், பாதியில் எழுத்து லிங்க். ஒரு மாதம் பார்க்கலாம். எழுத்து தோற்றால் தளத்தை மூடிவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பெனியில் உட்கார்ந்து அவருடைய மெயில்களைக் கவனிக்க வேண்டும். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு எதற்குச் சம்பளம்?

நான் ஒப்புக்கொண்டேன். சிவப்பும் மஞ்சளுமாக மினுக்கும் ஒரு பேனரை அவரே தேர்ந்தெடுத்தார். அதைப் பக்கத்தின் தலையில் ஒட்டியபோது, நன்றாகத் துலக்கி வைத்த பாத்திரத்தில் யாரோ எச்சில் கையை வைத்தது போலிருந்தது.

மூன்று வாரம் தினமும் மதியம், எதை எத்தனை பேர் அமுக்கினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கடை காட்டும் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பேனரை அமுக்கியவர்கள் சொற்பம், அவர்களில் ஒருவர்கூடச் சட்டை வாங்கவில்லை. எழுத்து லிங்க்கில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் போனவர்கள் வாங்கினார்கள். மச்சாண்டார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். நான் மகா திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

நாலாவது வாரம் உறவில் ஒரு காதுகுத்துக்காகக் காங்கேயத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் அங்கே ஒரு பிரௌசிங் சென்டரில் அறிக்கையைத் திறந்தால், பேனர் கிளிக்குகள் எகிறியிருந்தன. ஒரு மாதமாக வாய் கிழியப் பேசியது எல்லாம் தப்போ என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் மண்ணரைக்குத் திரும்பியபோது, கமிஷன் தரும் அந்த வெளிநாட்டுக் கடையிலிருந்து மெயில் வந்திருந்தது. மூன்று நாளில் வந்த பேனர் கிளிக்குகள் அத்தனையும் ஒரே இணைப்பிலிருந்து வந்தவை, அது என் கணக்கைத் திறக்கும் அதே இணைப்பு, ஆகவே நானே அமுக்கிக் கள்ளக் கணக்குக் காட்டியதாகக் கருதி என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஒரே இணைப்பு என்றால் எங்கள் ஆபீஸ்தான். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தினமும் குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள்.

"ஏனுங்க்கா, இன்னைக்குக் கம்ப்யூட்டர் செக்கிங் இல்லீங்களா?" என்றாள்.

உட்காரவைத்து விசாரித்தேன். மச்சாண்டார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்கள் ஆறு பேரையும் இங்கே உட்காரவைத்திருக்கிறார். தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்ப்பது போல, என் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பேனர் மட்டுமா என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா, எழுத்தையுந்தான் அமுக்கச் சொன்னாருங்க. எங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்களே, எது என்னன்னு கண்டுபுடிக்க முடியல. படந்தான் பளிச்சுனு தெரிஞ்சுது. அதையே அமுக்கிட்டோமுங்க."

அவள் போன பிறகு சிரிப்பு வந்தது. பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். படிக்கத் தெரியாதவர்கள்தான் பேனரை அமுக்குவார்கள் என்பதை அவரே ஆறு பேரை வைத்து நிரூபித்துக் கொடுத்திருந்தார். ஆனால் கணக்கு மூடியதோடு தளத்தில் வந்துகொண்டிருந்த கமிஷனும் போயிருந்தது.

ஏன் இப்படிச் செய்தார் என்று அன்று சாயங்காலம் கணவர் வழியாகக் கேட்டேன். நூறு பர்சென்ட் செக்கிங் பண்ணாமல் தன் கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை என்று மச்சாண்டார் கணவரிடம் சொன்னார். அவர் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஏமாற்றியிருந்தால் ஏமாற்றுக்காரர் என்று திட்டிவிட்டாவது போயிருப்பேன். கடைசியாக, தளத்தில்தான் இனிக் காசு வராதே, திங்கட்கிழமையிலிருந்து அந்தப் புள்ளையை மெயில் பார்க்க வரச் சொல் என்றார். கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை போனேன். மேசையிலிருந்த என் நோட்டுகளை எடுத்துவரத்தான். பழைய கம்பெனிக்கு அதற்குள் போன் செய்து, வேலையும் கேட்டு வாங்கியிருந்தேன். கணவர் துணிக்குச் சாயம் போடும் டையிங் பட்டறைக்குப் போயிருந்தார். மச்சாண்டார் ஒரு பேப்பரோடு முன்னறைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்லியனுப்ப ஆள் இல்லை.

"கண்ணு," என்றார், என்னைப் பார்த்தே. மூன்று வருடத்தில் முதல் தடவை. "பையர் கழுத்து லூசாவுதுன்னு சரக்க நிறுத்திப்போட்டான். இதுக்கு நாலு வரி எழுதிக் குடு சாமி. நீ எழுதினாக் கேப்பான்."

கழுத்து ஏன் லூசாகிறது என்று நான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அதன் தலையில்தான் அவருடைய சிவப்பு மஞ்சள் பேனர் மினுக்கிக்கொண்டிருந்தது.

"எழுத்த எவனுங்க மாமா படிக்கப் போறான்? நல்ல பெருசா ஒரு படமாப் பாத்து அனுப்புங்க. கண்ணுல பட்டாப் போதுமுங்க" என்றேன்.

நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் பேப்பரைப் பிடித்தபடி, என் கணவர் வழக்கமாக உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.