எல்டாவின் இருபத்திரண்டு முகமூடிகள்

எல்டா ஃபுரூஜே முப்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். திரும்பிப் பார்க்காமலே எந்த இருக்கையில் எது சேட்டை பண்ணுகிறது என்று சொல்லிவிடுவாள். கணவன் பெல்டன் இறந்துபோனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடமே பேசித் தீர்த்தாள். மார்டி கிரா திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகள் முகமூடி போட்டு வீடுவீடாகப் போகும் ஓட்டத்துக்கு ஊரார் அவளைக் கேப்டனாக்கியதும் அதனால்தான்.

கேப்டனுக்கு மட்டும் முகமூடி கிடையாது. கையில் வெள்ளைக்கொடி. அவள் கொடியைத் தாழ்த்தினால்தான் பிள்ளைகள் ஒரு வீட்டு வாசலை மிதிக்கலாம். ஆடிப்பாடி, கெஞ்சிக் கூத்தாடி அரிசியோ வெங்காயமோ வாங்கலாம். கோழி கொடுக்கிற வீட்டில் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். மத்தியானம் எல்லாம் ஒரே அண்டாவில் கம்போ என்கிற குழம்பாகக் கொதிக்கும்.

அந்த வருஷம் வண்டியில் இருபத்திரண்டு பேர். கடைசி வீடு லஜூனுடையது. அவர் கொட்டகைக் கூரையில் ஏறிக் கோழியைப் பறக்கவிட்டார். அது சிங்கி இறால் வளர்க்கிற குட்டைக்கரையில் இறங்கி ஓட, பிள்ளைகள் கூச்சலோடு பின்னால் சிதறினார்கள். கோழியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து வண்டியில் ஏறியதும் எல்டா எண்ணினாள். இருபத்தொன்று. விரல் வைத்து மறுபடி எண்ணினாள். இருபத்தொன்றுதான்.

எல்லார் மேலும் ஒரே மாதிரித் துணிக்கிழிசல் தொங்கும் உடை, கூம்புத் தொப்பி, கம்பிவலை முகமூடி. யார் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓட்டம் முடியும்வரை முகமூடியைத் தொடக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

"எல்லாரும் முகமூடியக் கழட்டுங்க," என்றாள்.

இருபத்தொரு முகமூடியும் கழன்றது. நொயேலி இல்லை. ஐந்து வயது. காலையில்தான் அவள் அம்மா கொரின், இவள் பயந்த சுபாவம், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டுப்போனாள்.

குட்டையில் மஞ்சள் தொப்பி ஒன்று மிதந்தது.

லஜூனைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டு எல்டா அப்படியே தண்ணீரில் இறங்கினாள். பிப்ரவரிக் குளிர் எலும்பைத் தொட்டது. அவளுக்கு இடுப்பளவு, ஐந்து வயதுக்குத் தலை மூழ்கும். குனிந்து சேற்றைத் துழாவினாள். துணி என்று பற்றி இழுத்தது பாசியாக வந்தது. இறால் கூண்டின் கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. கொரினிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் இன்னும் வேகமாகத் துழாவினாள்.

கரையில் நொயேலியின் பெரியப்பா மகன் ஓசிமே விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். லஜூன் அவனைக் கேட்க, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முகமூடிக் கூட்டத்தில் ஒன்று நிஜ ரூகாரூ, ஓநாய்த் தலைக்காரன், தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடுவான் என்று சொல்லி அவன்தான் அவளைத் துரத்தியிருக்கிறான். காற்று தொப்பியைத் தூக்கிப்போக, அவள் கொட்டகைப் பக்கம் ஓடியிருக்கிறாள். அடி விழும் என்று பயந்து ஓசிமே அதுவரை சொல்லவில்லை.

எல்டா சேறு சொட்டச் சொட்டக் கொட்டகைக்குள் போனாள். உள்ளே இருட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டிராக்டருக்குப் பின்னால் சாக்குக் குவியல் மட்டும் லேசாக அசைந்தது. ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கிட்டே போனால் பிள்ளை மிரண்டு பக்கத்திலிருந்த கலப்பைக் கொழுவில் போய் விழும் என்று அங்கேயே நின்றாள்.

"நீ கேப்டன் இல்ல," என்றது சாக்கு.

"கேப்டன்தான்டி கண்ணு. நனைஞ்சுபோய் நிக்கிறேன்."

"அப்ப எண்ணு. ரூகாரூவுக்குப் பன்னெண்டுக்கு மேல எண்ண வராது."

பற்கள் தந்தியடிக்க எல்டா எண்ணினாள். பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. சாக்கும் மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது. "பதிமூணு," என்றாள். சேற்றையும் பார்க்காமல் ஓடிவந்து பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மத்தியானம் எல்லாரும் கம்போவுக்கு உட்கார்ந்தபோது எல்டா உட்காரவில்லை. வேறு யார் வாய் வழியாகவும் விஷயம் போகக்கூடாதென்று தானே கொரினிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். கொரின் திட்டவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எல்டாவுக்கு.

அடுத்த வருஷம் கொடியை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள். யாரும் வாங்கவில்லை. ஓட்டத்தன்று காலையில் கொரின் நொயேலியோடு வந்து, தானும் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"நீங்க முன்னால போங்கக்கா. பின்னால நான் வரேன்."