சத்தம் வராத பெட்டி

அவளுக்குக் குலுக்கி என்று பெயர் வைத்தது கட்டிய கணவன்தான். தீப்பெட்டி வாங்கினால்கூடக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பாள். அந்தப் பழக்கம் அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே அட்டை வெட்டும் இயந்திரம் அவளுக்கு வலப்பக்கம் நின்று நாள் முழுக்க இடித்துக்கொண்டிருக்கும். பேச வேண்டுமென்றால் கை ஜாடைதான். அந்த இரைச்சலில் ஒரு பெட்டிக்குள் எதுவும் ஆடுகிறதா என்று தெரிய வேண்டுமானால், இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, பெட்டியை வலது காதில் அழுத்தி ஆட்ட வேண்டும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஆலையை விட்டு வந்த பிறகும் அவள் குலுக்குகிற விதம் மாறவில்லை.

இப்போது வீட்டு முன்னறையில் அவளும் நாத்தனாரும் சேர்ந்து இணையத்தில் கடை நடத்துகிறார்கள். நாத்தனார் பின்னறையில் தேநீர்க் கெண்டி செய்து சூளையில் சுட்டு எடுப்பாள். அதைக் கட்டி அனுப்புவது குலுக்கி. கெண்டி செய்வதைவிட அதை உடையாமல் அனுப்புவதுதான் பெரும்பாடு. கூரியர்காரர்கள் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் வாங்குகிறார்கள். பெரிய பெட்டியில் பஞ்சு மெத்தை போட்டு அனுப்பினால் கெண்டி பத்திரமாகப் போகும், ஆனால் அனுப்பும் செலவைப் பார்த்தவுடனே வாங்க வந்தவர் ஓடிப்போவார்.

அதற்குக் குலுக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டியைச் சின்னதாக்கினாள். காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை விட்டுவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டித் திணித்தாள். மூடியைத் தனியே சுற்றிக் கெண்டியின் வயிற்றுக்குள்ளேயே உட்கார வைத்தாள். செலவு பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு தொல்லை, காகிதம் அமுங்கும். அமுங்கினால் இடம் விழும், இடம் விழுந்தால் மூடி ஆடும். அதனால்தான் டேப் ஒட்டியதும் குலுக்கிப் பார்ப்பது. சத்தம் வந்தால் பிரித்து மறுபடி திணிப்பாள். சத்தம் வராத பெட்டிதான் வாசலைத் தாண்டும்.

அப்படியும் அடுத்தடுத்து மூன்று கெண்டிகள் உடைந்து போய்ச் சேர்ந்தன. கடைக்கு இடம் கொடுத்திருந்த இணையதளத்துக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். உடைப்பு உங்கள் கணக்கில் ஏறினால் கடையை மூடிவிடுவோம், கூரியர்காரர் தவறு என்று நிரூபித்தால் உங்கள் மேல் குற்றமில்லை.

குலுக்கிக்குச் சந்தேகமே இல்லை. பெட்டி எடுக்க வருகிற ஆள் ஒருநாள் யாருடைய மூட்டையையோ வண்டிக்குள் வீசியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே அவனுக்கு எறிவேலு என்று பட்டம் கட்டியாயிற்று. புகார் எழுதிப் போட்டாள். கூரியர் ஆபீஸில் எறிவேலுவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரித்து முடிக்கும்வரை அவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

விசாரணைக்கு வந்த மேற்பார்வையாளர் எறிவேலுவையும் கூட்டி வந்திருந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக நின்றான். உட்காரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எப்பவும் கட்டற மாதிரியே ஒண்ணு கட்டிக் காட்டுங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

நாத்தனார் ஒரு கெண்டியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வழக்கம்போல மேசைக்கு வலப்பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே இரண்டு பேருக்கும் இடையே அவ்வளவாகப் பேச்சில்லை. ஏன் என்று குலுக்கிக்குத் தெரியாது. கேட்கவும் அவளுக்கு வீம்பு.

அவள் கட்டினாள். டேப்பை இழுத்து ஒட்டினாள், பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு இடது காதைப் பொத்திக்கொண்டு, பெட்டியை வலது காதில் வைத்துக் குலுக்கினாள். ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு பெட்டியை மேசையில் வைத்தாள்.

"பாத்தீங்களா, மூச்சு விடல. இப்படித்தான் எல்லாத்தையும் அனுப்பறேன். அப்புறம் யாரு ஒடைக்கறாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

எறிவேலு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை ஆட்டுங்கம்மா."

ஆட்டினாள். இந்தத் தடவை இடது காதை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு பலமாகவே ஆட்டினாள். மேற்பார்வையாளர் நெற்றியைத் தேய்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். சுருக்கென்று கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏதோ சொல்லப் போனபோது, அதுவரை வாயே திறக்காத எறிவேலு பேசினான்.

"அக்கா, அந்தப் பக்கம் வச்சுப் பாருங்க."

இவன் யார் எனக்குச் சொல்ல என்று முறைத்தபடியே பெட்டியை இடது காதுக்குக் கொண்டுபோனாள். டக். மறுபடி ஆட்டினாள். டக், டக். கெண்டியின் வயிற்றில் மூடி மோதுகிற சத்தம். பச்சைக் குழந்தைகூடக் கேட்டிருக்கும்.

அவள் பெட்டியை வைத்துவிட்டு இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள். அறை அணைந்து போனது. மேற்பார்வையாளரின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கையை எடுத்தாள், குரல் வந்தது. பொத்தினாள், போனது. போனில் பேசுவதை எப்போது இடது காதுக்கு மாற்றினாள் என்று யோசித்தாள், நினைவு வரவில்லை. ஆலை இயந்திரம் இத்தனை வருஷம் கழித்து வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அதுவே அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

"நாங்க பாத்தது இந்தப் பெட்டியத்தான். போன மூணும் எப்படி இருந்துச்சோ யாருக்குத் தெரியும்? புகார் இருக்கட்டும்னு நீங்க சொன்னா இருக்கட்டும்" என்றார்.

கடையும் அதில் பிழைக்கும், மானமும் பிழைக்கும். பின்னறையில் சூளை நிறையக் கெண்டி வெந்துகொண்டிருந்தது. எறிவேலுவின் கை சட்டைப் பையைத் தடவியது. சாவி இருக்க வேண்டிய இடம். தடவிவிட்டு, எதுவும் இல்லாதது நினைவு வந்ததுபோல் கையைக் கீழே போட்டான். அவள் அதைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"அந்த மூணும் இதே காதுலதான் குலுக்கினேன்" என்றாள். "இவர் மேல தப்பில்ல. புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

எறிவேலு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாய்வதற்குள் இணையதளத்துக்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள். திறக்கக் கோரி மறுபடி விண்ணப்பிக்கலாமாம், எப்போது திறப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கணினித் திரையை அணைத்துவிட்டுக் குலுக்கி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்து ஏசுவாள், ஏசட்டும், அவள் உழைப்பையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனே என்று காத்திருந்தாள்.

நாத்தனார் எதிரில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, மொதல் பெட்டி ஒடஞ்சுதே, அது போறதுக்கு முன்னாடியே சொன்னேன். உள்ள ஏதோ ஆடுது அண்ணின்னு. இதே ஸ்டூல்ல உக்காந்து, நீங்க குலுக்கறப்பவே சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"சொன்னியா?"

"என் வேலையில மூக்க நுழைக்காதேன்னு கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கூப்பிட்டப்பல்லாம் நீங்க திரும்பல. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. அடுத்த ரெண்டு பெட்டியிலயும் சத்தம் கேட்டுது, வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

குலுக்கிக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இத்தனை நாளும் நாத்தனாருக்குத்தான் தன்மேல் ஏதோ வருத்தம் என்று இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருவருடைய வீம்புக்கு நடுவே மூன்று கெண்டிகள் உடைந்து, ஒரு மனிதனின் கூலியும் போயிருக்கிறது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். ஸ்டூலைத் தரையோடு இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அண்ணிக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த பெட்டியை எடுத்து அண்ணியின் இடது காதருகே மெல்ல ஆட்டினாள்.

"இப்போ கேக்குதா அண்ணி?"

"கேக்குது" என்றாள் குலுக்கி. "கத்தாத. கத்தரிய எடு, பிரிச்சுக் கட்டணும்."

கடை மூடிக் கிடந்தது. அந்தப் பெட்டியை வாங்க ஆளும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் அதைப் பிரித்தார்கள்.